ஊதாத விசிலுக்குக் கை தூக்கியவர்

விசில் ஊதவில்லை. பந்து எங்கள் கைக்கு வந்துவிட்டது. மூன்று பேர் எதிர்க்கூடையை நோக்கி ஓடவும் ஆரம்பித்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அவர் மட்டும் எங்கள் கூடைக்கு அடியிலேயே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்னய்யா?" என்றார் நடுவர்.

"அந்தத் தம்பி முழங்கையில எங் கை பட்டுட்டு. அதுலதான் பந்து நழுவிச்சு."

"நான் பாக்கலியே."

"நீங்க பாக்கல. ஆனா பட்டுச்சு."

எதிரணிக்காரன் "எனக்கு ஒண்ணும் படலியே" என்று சொல்லிப் பார்த்தான். அவர் கையை இறக்கவில்லை. நடுவர் வேறு வழியில்லாமல் ஊதினார். அது அவருக்கு நாலாவது ஃபவுல். அந்தக் காலத்துச் சட்டப்படி நாலு ஃபவுல் ஆனால் ஆள் வெளியே போய்விட வேண்டும். அவர் போய்ச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, ஆட்டம் முடிகிறவரை எங்களைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தோற்றோம். "என்னாலதான்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து சொன்னார்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் தூத்துக்குடியில் நான் பழகிய மனிதர் அவர். பெயர் வேண்டாம். அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகள் இன்னமும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் தாமிரவருணிக் கரைக் கோயில் ஊர் ஒன்றிலிருந்து, பஞ்சுக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலைக்காக வந்தவன். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத உயரம் எனக்கு. வாசல் நிலையில் இடித்து இடித்து நெற்றியில் தழும்பே உண்டு. அந்த உயரத்துக்காகத்தான் பாஸ்கெட்பால் டீமில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். பந்தை அதற்கு முன்னால் நான் தொட்டதுகூட இல்லை.

துறைமுக ஆபீசில் வேலை பார்த்த ஒருவர், மெட்ராஸில் படித்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றின் பின்னால் கிடந்த செம்மண் தரையில் ஆரம்பித்து வைத்திருந்தார். அவர்தான் கேப்டன். உடைந்த கப்பல் பலகையை அறுத்துப் போர்டு. கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம். யுத்தத்தில் புதுப் பந்து கிடைக்காது. செருப்புத் தைக்கிறவர் தோலை ஒட்டுப்போடுவார், சைக்கிள் கடையில் உள் பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டுவோம். ஒட்டு இருக்கும் பக்கம் தரையில் பட்டால் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். சாயங்காலக் கடல்காற்று வேறு.

டீமில் உயரமானவர்கள் இரண்டே பேர். அண்ணாச்சியும் நானும். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். பனங்காட்டு ஊரொன்றிலிருந்து வந்து தூத்துக்குடியில் கருப்பட்டி வியாபாரத்தில் ஊன்றிய குடும்பம். ஆனால் அவர் கடையில் இல்லை. துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் சரக்குக்குப் பொறுப்பாளராக இருந்தார். அதற்கு முன்னால் தோணியில் வேலை.

முதல் நாள் ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"சாமிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"நல்லது. நானும் ஒண்ணு சொல்லிருதேன். நான் ஒருத்தனைக் கைவிட்டவன். தெரிஞ்சு பழகுங்க."

அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் பேர் சொல்வது மாதிரி அந்தக் கதையைச் சொன்னார். புதிதாக யார் வந்தாலும் அவர் அதைச் சொல்லிவிடுவார் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது, ஆழம் போதாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்த்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஒரு நாள் காற்றும் அலையுமாக இருந்த நேரத்தில், இவருடைய தோணி கப்பலோடு ஒட்டி நின்றது. தோணி விலகாமல் இழுத்துப் பிடிக்கும் வடம் இவர் கையில். கப்பலில் வேலை முடித்த கூலியாட்கள் கயிற்றேணியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியில் ஒருவன் கால் தவறி, கப்பலுக்கும் தோணிக்கும் நடுவில் விழுந்துவிட்டான். அவனுக்கு மேலே ஏணியில் இன்னும் நாலு பேர்.

"தோணிக்குப் பொறுப்பான தண்டல் கத்துனாரு, 'வடத்தை விட்டுராதலே, விட்டுராத'ன்னு. அவன் கையைத் தூக்குனான் சாமி. எனக்கும் அந்தக் கைக்கும் ஒரு எட்டுதான். நான் விடல. நின்ன எடத்துலேயே நின்னேன். அடுத்த அலை தோணியைக் கொண்டுபோய்க் கப்பலோட மோதிச்சு."

வடத்தை விட்டிருந்தால் தோணி விலகி, அதோடு கட்டியிருந்த ஏணி இழுபட்டு, அதில் இருந்த நாலு பேரும் கடலில் விழுந்திருப்பார்கள். விசாரணையில் அப்படித்தான் முடிவு செய்தார்கள். இவர் செய்ததுதான் சரி என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். பாராட்டும் வகையில் கரையில், நிழலில், கிட்டங்கி வேலை கொடுத்தார்கள்.

"நல்லாச் செஞ்சேன்னாங்க" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போதுதான் அவர் முகம் கோணிற்று.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். ஒரு சீசன் முழுக்க எங்கள் கேப்டனைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்: இந்த இரண்டு நெட்டையர்களும் சேர்ந்து நின்றால் கூடையைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா?

தனித்தனியாக இருவரும் மோசமில்லை. எனக்குக் கை நீளம், நேரே வருகிறவனைத் தாண்டவிட மாட்டேன். ஆனால் இடது பக்கம் வெட்டிப் போனால் என் கால் திரும்புவதற்குள் அவன் போயேவிட்டிருப்பான். அண்ணாச்சி அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பூனை மாதிரி நகர்வார். எவன் எங்கே போகப்போகிறான் என்று அவனுக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் கேப்டன் எங்கள் இருவரையும் கூடைக்குக் கீழே நிறுத்தி, சுண்ணாம்புத் தூளால் ஆளுக்கொரு வட்டம் போட்டார். குள்ளமான, வேகமான மூன்று பேரை எங்கள்மேல் ஏவிவிட்டு, தான் ஒரு கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதலில் நான் தனியாக. பிறகு அவர் தனியாக. பிறகு இருவரும்.

இருவரும் சேர்ந்தபோது ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்தது. நான் மறிக்க வேண்டிய என் ஆள் என்னைத் தாண்டிப் போவான். அண்ணாச்சி தன் ஆளை விட்டுவிட்டு என் ஆளின் முன்னால் பாய்ந்து மறிப்பார். பந்து, அண்ணாச்சி விட்டுவிட்டு வந்த ஆளிடம் போகும். அவன் சாவகாசமாகக் கூடையில் போட்டுவிட்டுப் போவான். உடனே அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்து, "நான்தான், நான்தான்" என்பார்.

கேப்டன் எழுந்து வந்தார்.

"தனியா நின்னா ரெண்டு பேரும் தேக்குக் கதவு. சேர்ந்து நின்னா ஓலைத்தட்டி. அண்ணாச்சி, அவர் ஆளு தப்பிச்சா அவர் பாடு. நீங்க ஏன் வாறீங்க?"

"பக்கத்துல நிக்கேம்லா. எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?"

"நிக்கச் சொன்ன எடத்துல நிக்கணும். அதுதான் ஆட்டம்."

அண்ணாச்சி சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு தடவ நின்னேன்" என்றார்.

கேப்டன் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த விபத்துத்தான் அவரை இப்படி ஆக்கியது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு தடவை கருப்பட்டி வாங்கப் போனபோது கடையிலிருந்த அவருடைய மூத்த அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அவன் பொறந்ததுலேருந்தே அப்படித்தான் ஐயரே. வீட்டுல ஒரு பானை ஒடைஞ்சா, வாய்க்காலுக்குக் குளிக்கப் போனவன் ஓடிவந்து நான்தான் ஒடைச்சேம்பான். எங்கய்யா அடிக்கவே மாட்டாரு, அலுத்துப்போச்சு அவருக்கு. தராசுல நிறுக்கச் சொன்னா, ஏமாத்திட்டோமோன்னு பயந்து ஒரு கருப்பட்டி கூட வச்சுக் குடுப்பான். அதனாலதான் கடையில சேக்கல. கடல்ல நடந்தது ஒரு சாக்கு. இவன் மனசுக்கு ஏத்த எடம் அங்கன கெடைச்சுது, போய் உக்காந்துக்கிட்டான்."

எங்கள் ஊர்ப்பக்கம் நாமம் போடுகிறவர்கள் நாங்கள். ஐயரே என்று கூப்பிடுவதை எங்கள் வீட்டில் கேட்டால் வருத்தப்படுவார்கள். தூத்துக்குடி கடைத்தெருவில் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. நான் திருத்தவில்லை. கருப்பட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரு சங்கடம். அண்ணன் சொன்னதில் கொஞ்சம் கொடுமை இருந்தது, கொஞ்சம் உண்மையும் இருந்தது.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்ததும் கேப்டன்தான். அண்ணாச்சியை நிற்கவைக்க முடியாது என்று முடிவாகிவிட்டதால், என்னை ஓடவைத்தார். அண்ணாச்சி என் ஆளை மறிக்க வந்தால், நான் அந்த நிமிஷமே அண்ணாச்சியின் ஆளிடம் ஓட வேண்டும். யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பல நாள் பழகினோம். மெல்ல மெல்லப் பிடிபட்டது. என் கால் பிந்தினாலும் ஓட வேண்டிய இடம் முன்கூட்டியே தெரிந்ததால் போய்ச் சேர முடிந்தது. ஊருக்கு வெளியே தங்கியிருந்த பட்டாளத்துக்காரர்களோடு ஒரு ஆட்டம் ஆடினோம். எங்களைவிடப் பலசாலிகள். ஆனால் கூடைக்கு அடியில் வந்தவனெல்லாம் ஒரு சுவரைத் தாண்டி இன்னொரு சுவரில் முட்டிக்கொண்டான். ஜெயித்தோம். கிட்டங்கிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்த கூலியாட்கள் விசிலடித்தார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நான் அவருடைய ஆளை மறித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் என் பக்கத்தில் வந்து, "என்னால ஒங்களுக்குச் செரமம் சாமி" என்பார். ஆட்டத்தின் நடுவில்.

"அண்ணாச்சி! நீங்க மன்னிப்புக் கேட்டு முடிக்கதுக்குள்ள அவன் ரெண்டு பாயிண்டு போட்டுட்டான்!" என்று கேப்டன் கத்துவார்.

"என் தப்புதான்" என்பார் அண்ணாச்சி, கேப்டனைப் பார்த்து.

சிரிப்போம். டீமில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யார் எதைத் தவறவிட்டாலும் அவர் எடுத்துக்கொள்வார். மோசமாகப் பந்தை எறிந்தவனிடம், "நான் சரியா வந்து நிக்கல, அதான்" என்பார். பந்தையே சைக்கிள் கடையில் விட்டுவிட்டு வந்தவனிடம், "நான் ஞாபகப்படுத்தியிருக்கணும்" என்பார். அவர் இருக்கிற இடத்தில் யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது. என் இடது கால் எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர் தன் பேரில் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "இல்லே அண்ணாச்சி, என் ஆள்தான் தப்பிச்சான்" என்று சொல்லத்தான் செய்தேன். அவர் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சொல்லிவிட்டோம் என்ற திருப்தி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மைதானத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வருவார். ரேஷன் அரிசிக்காக அன்று காலையிலிருந்து வரிசையில் நிற்பார். தனக்காக அல்ல. அன்று கடலில் விழுந்து செத்தவனுடைய மனைவிக்காக. அமலோற்பவம் என்று பெயர். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கிழிந்த சாக்குகளை வாங்கித் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரேஷன் கார்டு அண்ணாச்சியிடம்தான் இருந்தது. வாரம் தவறாமல் அரிசி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

மதுரையில் ஒரு போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேசிக்கொண்டே நானும் அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் வாசலில் வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, கோணி ஊசியால் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டாள். அண்ணாச்சி அரிசிப் பையை நடைப்படியில் வைத்துவிட்டு, எப்போதும்போலச் சற்றுத் தள்ளி நின்றார். அந்த ஆகிருதி எப்படி அப்படிச் சுருங்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணாச்சி, கார்டைக் குடுத்துட்டுப் போங்க. இனிமே நானே நின்னு வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

"வெயிலுல நீ எதுக்குத் தங்கச்சி..."

"எனக்கும் காலு இருக்குல்லா."

அவர் பதறிவிட்டார். "நான் எதும் தப்பாப் பண்ணிட்டனா? போன வாரம் அரிசியில கல்லு கெடந்துச்சோ? நான்தான் பாத்து வாங்கியிருக்கணும்."

"பாத்தீங்களா? அரிசியில கல்லு கெடந்தாக்கூட ஒங்க தப்பு."

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் நகரப் போனேன். "நீங்களும் இருங்க ஐயரே. ஒருத்தர் கேக்கதுக்கு வேணும்" என்றாள்.

"அன்னைக்கு அவுக வேலைக்குப் போமாட்டேன்னாக. கடலு சரியில்ல, ஒடம்பும் வலிக்கின்னு பாயை விட்டு எந்திரிக்கல. பானையில அரிசி இல்லன்னு நான்தான் வெரட்டுனேன். நீரு ஆம்பளையான்னு கேட்டேன். கடைசியா அவுககிட்ட நான் பேசுன வார்த்தை அதுதான். ஒண்ணும் சொல்லாம துண்டை எடுத்து ஒதறிட்டுப் போனாக."

அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சேச்சே, அப்படிச் சொல்லாத தங்கச்சி. நீ என்ன செய்வ? வடம் எங் கையிலல்லா இருந்துச்சு. நான் ஒரு எட்டு..."

"சும்மாயிருங்க!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாராவாரம் வந்து எல்லாத்தையும் நீங்களே அள்ளிக்கிட்டுப் போயிருதீங்க. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கதில்ல. கோயில்ல சாமியார்ட்ட என் பாவத்தைச் சொல்லலாம்னு போயி முழங்கால் போட்டா, அங்கயும் ஒங்க மொகந்தான் வருது. 'என் தப்புதான் தங்கச்சி'ன்னுக்கிட்டு. அப்ப நான் சொல்லுதது பொய்யி மாதிரி ஆயிருது. அவுகளுக்கு நான் செஞ்சதுக்கு நான் எங்க போயி அழ? ஒங்களுக்கு ஒங்களுது இருக்கு. இதையாவது எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நிச்சயமாக மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மடியிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து அரிசிப் பையின்மேல் வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.

கடற்கரைச் சாலை திரும்பும் இடத்தில் நின்றார்.

"நான் அந்தப் புள்ளைக்கு நல்லதுதானே சாமி செஞ்சேன்?"

"நல்லதுதான் அண்ணாச்சி."

"பின்ன?"

அவர் மட்டுமல்ல, நானும் அங்கே சாக்குத் தைக்கிறவளுடைய வாசலில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளாவது தன்னுடையதைத் திருப்பிக் கேட்டாள். நான் இத்தனை மாதமாக என்னுடையதை அவர் தலையில் ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அதன் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு கடைத்தெருவில் ரேஷன் வரிசையைக் கடந்து போனேன். அமலோற்பவம் வரிசையில் நின்றாள். நாலைந்து பேருக்குப் பின்னால் அண்ணாச்சி, தன் வீட்டுக் கார்டோடு. எல்லோருக்கும் மேலே அவர் தலை தெரிந்தது. கூட்டம் நெருக்கியதில் அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அண்ணாச்சியின் கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது. பிறகு அதைப் பின்னால் இழுத்து, பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து பையை எடுத்துத் தட்டிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைக்க அவர் நின்ற நிலையைப் பார்த்தால், வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்குமா என்று தோன்றியது. நான் அவர் கண்ணில் படாமல் போய்விட்டேன்.

மதுரைக்கு வரவில்லை என்று கேப்டனுக்குச் சொல்லியனுப்பினார். "சாமி இருக்காருல்லா, போதும்" என்றாராம்.

கேப்டன் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உம்ம பின்னால ஆளே இல்லேன்னா நீர் என்ன செய்வீர்னு எனக்கு இதுவரை தெரியாது ஓய்" என்றார். "நாளைக்குத் தெரிஞ்சுடும்."

தெரிந்தது. மதுரைக்காரர்களில் என் ஆளாக வந்தவன் என்னைவிடக் குட்டை. ஆரம்பத்திலேயே என் இடது பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் அவனுக்கு வேறு பக்கமே தேவைப்படவில்லை. அவன் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும், எனக்குப் பின்னால் அந்தப் பெரிய உடம்பு பாய்ந்து வரும் சத்தத்தைக் காது எதிர்பார்த்தது. வரவில்லை. பந்து வளையத்தில் விழும் சத்தம்தான் வந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் "என் தப்பு" என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. நான் சொல்லியிருக்கலாம். தரை வழுக்கலாக இருந்தது என்றேன். கேப்டன் என்னைப் பார்த்துவிட்டு, துண்டைப் பிழிந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் கிட்டங்கிக்கு அவரைத் தேடிப் போனேன். வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தோம். அந்தக் கடையில் நான் டீ குடிப்பது என் வீட்டுக்குத் தெரியாது. டீ வருகிறவரை வேறு என்னென்னவோ பேசினேன்.

"தோத்துட்டீங்கன்னாங்க" என்றார் அவரே.

"ஆமாம்."

"ரொம்பவோ?"

"ரொம்ப. என் ஆள்தான் முக்கால்வாசியும் போட்டான். எல்லாம் இடது பக்கமா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி போனான், நானும் ஒரே மாதிரி விட்டேன். தரை வழுக்கித்துன்னு அவாள்ட்ட பொய் சொன்னேன். தரை நன்னாத்தான் இருந்தது."

சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவர் அடுத்து என்ன சொல்வார் என்று. அதைக் கேட்கத்தான் ஒருவேளை நான் அங்கே போனேனோ என்னவோ.

"நான் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

நிறுத்திக்கொண்டார். பெரிய பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி, தரையில் எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கைகள் இரண்டும் மேஜைமேல் அலைந்தன. டம்ளரைப் பிடித்தார், விட்டார். கடைக்காரர் அடுத்த மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா சாமி" என்றார். "நீங்கதான் விட்டிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு சுருக்கென்று தைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவர் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கொடுத்தது கனமாக இருக்கிறதோ, திரும்ப வாங்கிக்கொள்ளலாமோ என்று அவர் உதடு துடித்தது. அவர் வாங்கிவிடுவதற்கு முன்னால் நான் அவசரமாகச் சொன்னேன்.

"ஆமாம் அண்ணாச்சி. நான்தான்."